வெண்கரடியும் அதன் வாழிடமும்

தாம்பரத்திற்குத் தெற்கே, வண்டலூரில், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அமைந்துள்ளது. 1855ஆம் ஆண்டில் சென்னை நகரில் தோன்றிய பழைய விலங்குக் காட்சிச்சாலையே இங்கு மாற்றப்பெற்று, 1985ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இங்குள்ள விலங்குகளுள் நம் நாட்டுக் கரடியும் ஒன்று. முதுமலை, முண்டந்துறை முதலிய காடுகளில் வாழும் இவ்விலங்கு, வளைந்த நீண்ட நகங்களால் புற்றை உடைக்கும். மேல்தாடையின் நடுவே முன்பற்கள் இரண்டு இல்லாமையால் உண்டான இடைவெளியின் வழியே கறையானை உறிஞ்சி உண்ணும். வாழும் இடத்திற்கும் உண்ணும் உணவிற்கும் ஏற்ப உடல் அமைந்திருத்தலை இதனிடம் காணலாம். இதன் உறவாகிய வெண்கரடி இவ்வுண்மைக்கு மேலும் சிறந்த சான்றாகும்.

வெண்கரடி வடதுருவப் பகுதிக்கே உரியது. தென்துருவத்தில் அஃது இல்லை. நன்கு வளர்ந்த ஆண் கரடி 500 கிலோகிராம் எடையும் எய்தக்கூடும். அதன் மயிர் வெண்மையாகத் தோன்றினும், உண்மையில் நிறமற்றது. அதன் கீழுள்ள தோலோ கருமையானது. தோலின் அடியில் 10 சென்டிமீட்டர் வரை தடித்த கொழுப்புப் படலம் உண்டு. கடுங்குளிரிலும் உடல் வெப்பம் வெளியேறாவண்ணம் இவை காக்கின்றன. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பாதங்கள், மெல்லிய பனிப்பாளத்தின்மீது உடற்பாரத்தைப் பரப்பி நடக்கவும், நீரில் துடுப்புப் போல் இயங்கவும் உதவுகின்றன.

இத்துணை வலிமை வாய்ந்த விலங்கு எதனை நம்பி வாழ்கிறது? உறைந்த கடலின் பனிப்பரப்பையே நம்பி வாழ்கிறது. வெண்கரடியின் முதன்மையான உணவு சீல் எனப்படும் கடல்நாய். கரடி நன்றாக நீந்தும். ஆயினும் நீரினுள் கடல்நாயைத் துரத்திப் பிடித்தல் அதற்கு அரிது. கடல்நாய் மூச்சுவிட வரும் பனித்துளையின் அருகே மணிக்கணக்காக அசையாது காத்திருந்தே அதனைப் பற்றும். கோடையில் பனி உருகியபின், கரைக்கு வரும் கரடிகள் முன்பு சேர்த்த கொழுப்பைக் கொண்டே நாள் கழிக்கின்றன. கருவுற்ற தாய்க்கரடியோ பனிக்குகை அமைத்து, உணவின்றிப் பல திங்கள் அதனுள் தங்கி, பெரும்பாலும் இரு குட்டிகளை ஈன்று பாலூட்டுகிறது. பிறந்த குட்டியின் எடை ஏறத்தாழ 600 கிராமே.

ஆகவே, கடற்பனி முன்னதாக உருகினால் வேட்டைக்காலம் குறையும்; கொழுப்புக் குறையும்; குட்டிகள் பிழைத்தலும் அரிதாகும். கனடாவின் மேற்கு ஹட்சன் விரிகுடாப் பகுதியில் 1987ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,200ஆக இருந்த வெண்கரடிகள், 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 600ஆகக் குறைந்தன. 1979ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள்கள் எடுத்துவரும் அளவுகள், துருவக் கடற்பனி சுருங்கிவருதலைத் தெளிவாகக் காட்டுகின்றன.

தொலைவில் நிகழும் இம்மாற்றம் நமக்கு அயலானதன்று. தென்சென்னைப் பகுதியாகிய பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் உருவாக்கிய அளவைக் கருவித்தொகுதி ஒன்று, 2014ஆம் ஆண்டில் நார்வே நாட்டைச் சேர்ந்த ஸ்வால்பார்டுத் தீவுப்பகுதியின் கடலில் நிறுவப்பட்டது. அஃது அளக்கும் கடல்நீரின் வெப்பமும் உப்பும், வடதுருவ மாற்றங்களுக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராயப் பயன்படுகின்றன. வெண்கரடிகள் வாழும் தீவுகளும் அவையே.

வேட்டையினின்று வெண்கரடியைக் காக்க ஐந்து நாடுகள் 1973ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டன. துப்பாக்கியை உடன்படிக்கையால் தடுக்கலாம். அவ்வைந்து நாடுகள் மட்டும் முயன்று பனி உருகுதலைத் தடுத்தல் இயலாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எழும் கரியமில வாயு எந்நாட்டில் தோன்றினும் ஒரே காற்றில் கலந்து உலகை வெப்பமாக்குகிறது. ஆதலின், விலங்கைக் காத்தல் என்பது அதன் உயிரைக் காத்தல் மட்டுமன்று. அது நிற்கும் நிலத்தையும் காத்தலே ஆகும்.