அம்போன் தீவும் நம் எல்லைக் கிராமங்களும்

திருவனந்தபுரம் – நாகர்கோவில் ரயில் பாதை 1979இல் திறக்கப்பட்டது. நெய்யாற்றின்கரை, பாறசாலை கடந்தால் குழித்துறை, அது தமிழ்நாடு. தண்டவாளத்தில் எல்லைக்கோடு தெரிவதில்லை. அக்கோடு வந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அதை விளங்கிக்கொள்ளத் தொலைதூரத் தீவு ஒன்றின் கதையும் உதவும்.

1947 ஜூன் 11ஆம் தேதி, ஆங்கிலேயர் சென்றதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். மக்கள் எதிர்த்தனர். ஜூலை 25ஆம் தேதி திவான் வெட்டுப்பட்டார். அம்மாத இறுதியில் மகாராஜா இந்தியாவுடன் இணைய இசைந்தார். படையெடுப்புக்கு வேலையில்லாமல் போயிற்று.

இந்தோனேசியாவில் நடந்தது வேறு. 1949 டிசம்பர் 27ஆம் தேதி டச்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தபோது அது கூட்டாட்சி நாடு. சில மாதங்களிலேயே மாநிலங்கள் கலைக்கப்படலாயின. டச்சுப் படையில் பணியாற்றிய அம்போன் சிப்பாய்களுக்கு அச்சம். கையில் ஆயுதமும் இருந்தது. 1950 ஏப்ரல் 25ஆம் தேதி 'தென் மலுக்குக் குடியரசு' அறிவிக்கப்பட்டது. சமாதானத் தூது பலிக்கவில்லை. கடற்படை தீவுகளை முற்றுகையிட்டது. ஜூலையில் புரு தீவிலும், செப்டம்பர் 28ஆம் தேதி அம்போனிலும் இந்தோனேசியப் படை இறங்கியது. நவம்பர் தொடக்கத்தில் நகரம் வீழ்ந்தது. வென்ற படையின் தளபதி ஸ்லாமெட் ரியாடியும் அங்கேயே மாண்டார்.

1951இல் சிப்பாய்களும் குடும்பத்தாருமாகச் சுமார் 12,500 பேர் ஹாலந்துக்குக் கப்பலேறினர். சில காலம்தான் என்று நம்பிப் போனார்கள். பெரும்பாலோர் திரும்பவேயில்லை.

நம் பக்கமும் இரத்தம் சிந்தாமல் இல்லை. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் தமிழர் மாண்டனர். ஆயினும் முடிவு மாநிலச் சீரமைப்புச் சட்டத்தால் வந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலம் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. பாறசாலைத் தமிழரும் இப்பக்கமே நின்றனர்.

அவர்களுக்கு அது ஏமாற்றமே. ஆனால் ஒரு டிக்கெட் எடுத்தால் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். அம்போன்காரருக்கு அந்த வழி அடைபட்டது. சிறுபான்மையினரின் அச்சத்துக்குப் பேச்சும் சட்டமும் பதில் சொன்னால் கோடு மட்டுமே மிஞ்சும். பீரங்கி பதில் சொன்னால் கடல் குறுக்கே நிற்கும். வீட்டில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள்.