வேலைக்குச் செல்லும் வழியும் ஆங்கிலச் சொற்களும்

முற்காலத்தில் கிராமத்தில் பிறந்தவர்க்கு வேலையும் கிராமத்திலேயே இருந்தது. விடியற்காலையில் வயலுக்கு நடந்து சென்றனர். பொழுது சாய்ந்தபின் நடந்தே வீடு திரும்பினர். ‘வேலைக்கு எவ்விதம் வருகிறாய்?’ என்று அவர்களை எவரும் வினவியதில்லை. இன்று நிலைமை வேறு. தாமிரபரணிக் கரையிலுள்ள ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் நாள்தோறும் பஸ் ஏறி வெளியூர் சென்று உழைக்கின்றனர். வண்ணார்பேட்டையிலுள்ள ஜவுளிக் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்வோர் பலர். தாழையூத்து சிமெண்டு ஆலைக்கும் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் செல்வோர் பலர். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிர் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யும் திட்டம் தொடங்கப்பெற்றபின், வெளியூர் வேலைக்குச் செல்வது கிராமத்துப் பெண்களுக்கு முன்னினும் எளிதாயிற்று.

இவர்களுள் பலர் நேர்முகத் தேர்வில் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘ஹௌ வில் யூ கம் டு வொர்க்?’ என்பதே அது. ‘வேலைக்கு எவ்வாறு வருவீர்கள்?’ என்பது இதன் பொருள். இதற்கு விடை அறியாதவர் எவரும் இலர். ஆயினும் விடை கூறத் தயங்கி நிற்போர் பலர். பட்டயப் படிப்பு முடித்தவர்களும் இக்கேள்வி கேட்டுத் தலை குனிவதுண்டு. அத்தயக்கத்தைக் கண்டு, ‘இவர் நேரத்துக்கு வந்து சேரமாட்டார்’ என்று மேலாளர் எண்ணிவிடவும் கூடும். தெரிந்த விஷயத்தைச் சொல்ல இயலாமையால் ஒருவர் வேலையை இழப்பது வருந்தத்தக்கது. இக்குறையைப் போக்கும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

நம்மிடம் உள்ள முதல்

ஆங்கிலம் அறியேன் என்று கூறும் கிராமவாசியின் பேச்சைச் சற்றே செவிமடுத்துக் கேளுங்கள். பஸ், டிக்கெட், டிரைவர், கண்டக்டர், ரூட், ஷிப்டு, டூட்டி, ஓவர்டைம், லேட், லீவு, பர்மிஷன், பைபாஸ், மினி பஸ், லாஸ்ட் பஸ் ஆகிய சொற்கள் தடையின்றி அவர் நாவில் வருகின்றன. அவரிடம் முதல் நிறைய உண்டு. அம்முதலை இணைத்து வாக்கியமாக்கும் சிறு சொற்களே குறைவு. வீடு கட்டுவதற்குச் செங்கல் குவிந்து கிடக்கிறது; இடையிலே பூசுவதற்குச் சாந்து இல்லை. அதுவே நம் நிலை. ஆகவே தடித்த அகராதியை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. இணைக்கும் சொற்கள் சிலவற்றைப் பழகினாலே போதும்.

இச்சொற்கள் நம்மிடம் வந்து சேர்ந்ததற்கு வண்ணார்பேட்டையே நல்ல சான்றாகும். ஒரு காலத்தில் இங்கே ஆற்றைக் கடப்பதற்குப் படகே துணை. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராயிருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அமைத்த பாலம் 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அன்றுமுதல் இரு கரை மக்களும் தடையின்றித் தொழிலுக்குச் சென்று வரலாயினர். பின்னர் இரயில் வந்தது, பஸ் வந்தது. 1974-இல் கட்டபொம்மன் பெயரால் தொடங்கப்பெற்று, 1997-இல் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் திருநெல்வேலி அலுவலகம் வண்ணார்பேட்டையிலேயே உள்ளது. ஒவ்வொரு வசதியும் தன் சொற்களையும் உடன் கொண்டுவந்தது.

இரு சொற்களின் வரலாறு

‘பஸ்’ என்பது ‘ஆம்னிபஸ்’ என்பதன் வால். ‘ஆம்னிபஸ்’ என்பது ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல். நாளடைவில் தலை கழிந்து வால் மட்டும் நின்றது. ஆயினும் நம்மூரில் வெளியூர்த் தனியார் பஸ்ஸுக்கு ‘ஆம்னி பஸ்’ என்னும் பெயர் வழங்குவதால், கழிந்த தலையும் இங்கே உயிரோடிருக்கிறது எனலாம்.

நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவதை ஆங்கிலத்தில் ‘கம்யூட்’ என்பர். இச்சொல்லும் அரசு ஊழியர்க்குப் புதிதன்று. ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக மாற்றிப் பெறுவதைக் ‘கம்யூட்டேஷன்’ என்கிறோமல்லவா? சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் அமெரிக்க இரயில்வேக் கம்பெனிகள், நாள்தோறும் பிரயாணம் செய்வோரிடம் அன்றாடக் கட்டணத்துக்குப் பதிலாகக் குறைத்த தொகையை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு சீட்டு வழங்கின. அதற்குக் ‘கம்யூட்டேஷன் டிக்கெட்’ என்று பெயர். நாம் ‘சீசன் டிக்கெட்’ என்பதும் அதுவே. அச்சீட்டு வைத்திருந்தவர் ‘கம்யூட்டர்’ ஆனார். அவர் செய்த பிரயாணம் ‘கம்யூட்’ ஆயிற்று. இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; சட்டத்திலும் இது வரும்.

ஐந்து வாக்கியங்கள்

சீவலப்பேரியில் வாழும் ஒருவர் கங்கைகொண்டான் தொழிற்சாலைக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். நேரங்கள் உதாரணமாகவே கூறப்பெறுகின்றன. அவர் சொல்ல வேண்டியவை ஐந்து வாக்கியங்களே.

1. ‘ஐ லிவ் இன் சீவலப்பேரி.’ (நான் சீவலப்பேரியில் வசிக்கிறேன்.)

2. ‘ஐ லீவ் ஹோம் அட் சிக்ஸ் தர்ட்டி.’ (ஆறரை மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுகிறேன்.)

3. ‘ஐ கோ டு வண்ணார்பேட்டை பை பஸ்.’ (வண்ணார்பேட்டைக்குப் பஸ்ஸில் செல்கிறேன்.)

4. ‘ஐ சேஞ்ச் பஸ்ஸஸ் அட் வண்ணார்பேட்டை.’ (வண்ணார்பேட்டையில் வேறு பஸ் மாறுகிறேன்.)

5. ‘இட் டேக்ஸ் அன் அவர் அண்ட் எ ஹாஃப், அண்ட் ஐ ரீச் த ஃபேக்டரி அட் எய்ட்.’ (ஒன்றரை மணி நேரம் ஆகிறது, எட்டு மணிக்குத் தொழிற்சாலையை அடைகிறேன்.)

இவ்வைந்தையும் உற்று நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். தமிழில் வேற்றுமை உருபு பெயர்க்குப் பின்னே ஒட்டி வருகிறது. ஆங்கிலத்தில் அவ்வேலையைச் செய்யும் சொல் பெயர்க்கு முன்னே தனித்து நிற்கிறது. அன்றியும், நம் ‘இல்’ என்னும் ஓர் உருபுக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் வந்துள்ளன: சீவலப்பேரியில் வசிப்பதற்கு ‘இன்’, பஸ்ஸில் செல்வதற்கு ‘பை’, வண்ணார்பேட்டையில் மாறுவதற்கு ‘அட்’. நம் ‘கு’ உருபும் அவ்வாறே: வண்ணார்பேட்டைக்கு என்பதில் ‘டு’, ஆறரை மணிக்கு என்பதில் ‘அட்’. தடுமாற்றத்தின் வேர் இங்கேதான் உள்ளது. இன், பை, அட், டு ஆகிய நான்கு சொற்களே நாம் தேடிய சாந்து.

வேறு சில குறிப்புகளும் பயன்படும். பை பஸ், பை ட்ரெயின், பை பைக் என்று கூறலாம். நடந்து செல்வதை மட்டும் ‘ஆன் ஃபுட்’ என்பர். ‘ஐ வாக் டு வொர்க்’ என்பது அதனினும் எளிது. பஸ்ஸிலும் இரயிலிலும் ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’. காரிலும் ஆட்டோவிலும் ஏறுவது ‘கெட் இன்’, இறங்குவது ‘கெட் அவுட்’. ‘வேலைக்கு’ என்பது ‘டு வொர்க்’ ஆகும். ஆனால் ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்பதை ‘ஐ கோ ஹோம்’ என்றே கூற வேண்டும். அங்கே ‘டு’ வராது.

ஒலி ஒன்றே போன்றவை, பொருள் வேறானவை

நாம் எடுத்தாளும் சில சொற்கள் நம்மிடம் வந்தபின் வேறு பொருளோ வேறு வடிவமோ பெற்றுவிட்டன. அவற்றை அறிந்து பேசுதல் நலம்.

லீவு: நமக்கு இது விடுமுறை. ஆங்கிலத்திலும் அப்பொருள் உண்டு. ஆனால் ‘ஐ லீவ் ஹோம்’ என்னும்போது புறப்படுதலைக் குறிக்கும். வசித்தலைக் குறிக்கும் ‘லிவ்’ குறில். புறப்படுதலைக் குறிக்கும் ‘லீவ்’ நெடில். இவ்வேறுபாட்டைக் கவனித்து உச்சரிக்க வேண்டும்.

ஸ்டாப்பிங்: பஸ் நிற்குமிடத்தை நாம் இவ்வாறு கூறுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’ அல்லது ‘பஸ் ஸ்டாப்’ என்பதே முறை.

சார்ஜ்: பஸ் கட்டணத்தை ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்பர்.

ரவுண்டானா: வண்ணார்பேட்டைவாசிகள் அனைவரும் அறிந்த சொல். ஆங்கிலேயர் இதனை ‘ரவுண்ட்அபவுட்’ என்பர்.

டவுன்: திருநெல்வேலியில் ‘டவுன்’ என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சூழ்ந்த பகுதி. வெளியூர் மேலாளர்க்கு இது விளங்காது. ‘திருநெல்வேலி டவுன்’ என்று முழுமையாகக் கூறுக. ‘ஜங்ஷன்’ என்பதற்கும் இதுவே விதி.

தாமதமும் தொலைபேசியும்

பஸ் வாராது போவதும், பாதி வழியில் நின்றுவிடுவதும் நம் குற்றமன்று. ஆனால் அதனைத் தெரிவியாமல் இருப்பது நம் குற்றமாகக் கொள்ளப்படும். அரை நாள் சம்பளம் பிடிக்கப்பெறுவதற்கும், மன்னிக்கப்பெறுவதற்கும் இடையே பல சமயங்களில் ஒரு வாக்கியமே நிற்கிறது. ‘த பஸ் ஹேஸ் நாட் கம் யெட்’ என்றால் பஸ் இன்னும் வரவில்லை என்பது பொருள். ‘ஐ மிஸ்ட் த பஸ்’ என்றால் பஸ்ஸைத் தவறவிட்டேன் என்பது பொருள். இவ்விரண்டும் ஒன்றல்ல; முன்னதில் தாமதம் பஸ்ஸினுடையது, பின்னதில் நம்முடையது. மாற்றிக் கூறினால் இல்லாத பழியை நாமே ஏற்றவராவோம். ‘ஐ வில் பி ட்வென்ட்டி மினிட்ஸ் லேட்’ என்றால் இருபது நிமிடம் தாமதமாக வருவேன் என்பது பொருள். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் ஆன் மை வே’ என்பது பொருத்தமான தொடர்.

வேலை முடிந்து புறப்படுகையில் நாம் ‘போய் வருகிறேன்’ என்கிறோம். ‘போகிறேன்’ என்று மட்டும் கூறுவது நம் மரபன்று. இதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் கேட்பவர் திகைப்பர். ‘சீ யூ டுமாரோ’, அதாவது ‘நாளை சந்திப்போம்’ என்பதே அவர்கள் வழக்கு. மீண்டும் வருவேன் என்னும் நம் கருத்தும் அதில் அடங்கியுள்ளது.

பெண்கள் கேட்டறிய வேண்டியது

மாலை ஷிப்டில் வேலை ஏற்கும் சகோதரிகள், வேலையில் சேருமுன்பே இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, ஷிப்டு முடியும் நேரம்: ‘வாட் டைம் டஸ் த ஷிப்ட் எண்ட்?’ இரண்டாவது, வாகன வசதி: ‘வில் த கம்பெனி ப்ரொவைட் டிரான்ஸ்போர்ட்?’ ஊருக்குக் கடைசி பஸ் எட்டரைக்கு என்றால், ‘த லாஸ்ட் பஸ் டு மை வில்லேஜ் லீவ்ஸ் அட் எய்ட் தர்ட்டி’ என்று கூறுக. இவ்வாறு கூறுவது சலுகை வேண்டுதல் அன்று. உண்மையை முன்னரே உரைத்தல் ஆகும். நிறுவனத்தின் வேன் வீட்டுக்கு வந்து அழைத்துச் செல்வது ‘பிக்-அப்’. திரும்பக் கொண்டு விடுவது ‘ட்ராப்’.

சட்டம் கூறுவது

இனி, முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன ‘கம்யூட்’ என்னும் சொல்லுக்கு வருவோம். 2010-ஆம் ஆண்டில் ஈ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பெற்றபோது ஒரு முக்கியமான விதி சேர்க்கப்பெற்றது. காப்பீடு பெற்ற தொழிலாளி வீட்டிலிருந்து வேலைக்குச் செல்கையிலோ, வேலை முடிந்து வீடு திரும்புகையிலோ நேரும் விபத்தும் வேலையினால் நேர்ந்த விபத்தாகவே கருதப்பெறும் என்பதே அவ்விதி. விபத்தின் சூழ்நிலை, நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டென்று நிலைநாட்டப்பெற வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இக்கருத்து இடம்பெற்றுள்ளது.

நிலைநாட்டுவது எவ்வாறு? எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வழியாக, எவ்வூர்தியில் சென்றார் என்பவையே சான்று. மேலே கண்ட ஐந்து வாக்கியங்கள் கூறுவனவும் இவையே அல்லவா? நடந்ததைத் தமிழில் எடுத்துரைக்கத் தொழிலாளி கூச்சப்பட வேண்டியதில்லை. ஆயினும் நிறுவனங்களில் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பெறுகிறது. ‘ஆன் த வே டு வொர்க்’ என்று இருக்க வேண்டிய இடத்தில், சொந்தக் காரியமாகச் சென்றதாக ஒரு சொல் தவறி எழுதப்பெற்றால், குடும்பத்துக்குச் சேர வேண்டிய உதவி தாமதப்படும், கிடைக்காமலும் போகலாம். தம் பெயரால் எழுதப்பெற்றதைப் படித்து, சரிபார்த்து, பின்னர்க் கையொப்பமிடும் திறமை ஒவ்வொரு தொழிலாளிக்கும் இன்றியமையாதது.

பழகும் முறை

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்திலும், ஊர் நூலகத்திலும், இளைஞர் மன்றத்திலும் இப்பாடத்தைப் பதினைந்து நிமிடத்தில் நடத்தலாம். ஒவ்வொருவரும் தம் ஊர், தம் பஸ், தம் நேரம் ஆகியவற்றை வைத்து ஐந்து வாக்கியங்களை எழுதுக. ஒருவர் மேலாளராகவும் மற்றவர் விண்ணப்பதாரராகவும் அமர்ந்து கேட்டுப் பதில் கூறுக. பின்னர் இடம் மாறிக்கொள்க. முதல் வாரம் தாளைப் பார்த்துக் கூறலாம். அடுத்த வாரம் பாராமல் கூற வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் உச்சரிப்பைக் கேட்டுத் திருத்திக்கொள்வதில் பெற்றோர்க்கு இழுக்கு ஒன்றுமில்லை.

எழுதிய தாளின் படி ஒன்றை வேலையில் சேரும் நாளன்று அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்; மற்றொன்றை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். வழியோ பஸ்ஸோ மாறினால் தாளையும் மாற்றி எழுதுங்கள். சாலையும் பாலமும் பஸ்ஸும் நம்மை வேலைத்தலத்தின் வாயில் வரை கொண்டு சேர்க்கும். வாயிலைக் கடந்து உள்ளே சென்று, தலை நிமிர்ந்து நம் நிலையை எடுத்துரைப்பது நம் பொறுப்பு. அதற்கு வேண்டிய ஐந்து வாக்கியங்களை இந்த மாதத்திலேயே பழகிக்கொள்வோமாக.