மாத்திரை நிற்கும்போது வரும் பயம்

கேள்வி: என் தங்கையின் ஐந்து வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை அடுத்த மாதம் முடிகிறது. அவளோ மகிழாமல் பயப்படுகிறாள். ஏன்?

பதில்: பல பெற்றோருக்கு வருகிற பயம்தான் இது. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ரத்தப் புற்றுநோயான ஏ.எல்.எல்.லுக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். பெரும்பகுதி பராமரிப்புக் கட்டம்: தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் நாட்களில் பசியில் நள்ளிரவில் தோசை கேட்டு அழும் பிள்ளை. காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு ஓட்டம். அத்தனை பாடுகளுக்கு நடுவிலும், மாத்திரை கொடுக்கும்வரை நோயை எதிர்த்து ஏதோ செய்கிறோம் என்ற பிடிமானம் தாய்க்கு இருக்கும். மாத்திரை நிற்கும்போது கலக்கம் வராதா?

சிகிச்சை முடிவில் மணி அடிக்கும் வழக்கத்தை 1996இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் தொடங்கிவைத்தவர் இர்வ் லெ மோய்ன் என்ற கடற்படை அதிகாரி. நல்ல வழக்கம்தான். மறுநாள் காலை என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்லித்தருவதில்லை!

நோய் திரும்பும் வாய்ப்பு முதல் சில ஆண்டுகளில்தான் கூடுதல். அதனால் தொடக்கத்தில் அடிக்கடி பரிசோதனை இருக்கும். போகப்போக இடைவெளி கூடும். விடுபட்ட தடுப்பூசிகளை எப்போது போடுவது, எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும் என்பதை உங்கள் தங்கை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். "அதான் சரியாயிடுச்சே" என்று மட்டும் தங்கையிடம் சொல்லாதீர்கள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போங்கள்.