வில்லுக்கத்தியின் பூண்களைத் துலக்குதல்

கமக்காரர் மடியிற் செருகிச் செல்லும் வில்லுக்கத்தியின் பிடியிற் பெரும்பாலும் பித்தளைப் பூண்கள் இருக்கும். வியர்வை, சேறு, உர உப்பு ஆகியன படுவதால் அவை கறுத்துக் களிம்பேறும்.

இதனைப் போக்கச் செலவு வேண்டியதில்லை. அலகை விரித்து, எண்ணெய் தடவிய துணியாற் சுற்றுக. பழப்புளியை நீரிற் குழைத்து, பூண்மீது மட்டும் துணியால் தேய்த்தல் வேண்டும். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும். அதுவே உருக்கு அலகிற் பட்டால் துருவை உண்டாக்கும். ஆதலால் 5 நிமிடத்துக்குள் சவர்க்கார நீராற் கழுவி, ஈரமறத் துடைத்தல் வேண்டும். சிறு கீறல்களை நுண்ணிய எமரித்தாளால் ஒரே போக்கில் மெல்லத் தேய்த்து மறைக்கலாம். நிக்கல் முலாம் பூசிய பூணுக்கு எமரியும் சாம்பலும் ஆகா, முலாம் தேய்ந்துவிடும். அதற்குச் சவர்க்கார நீரும் மென்துணியுமே போதும்.

பூண் மினுங்கினால் மட்டும் போதாது. அலகு மடியும் இடுக்கில் தங்கும் மண்ணும் செடிச்சாறும், வாடல் நோய்க் கிருமிகளை ஒரு தக்காளிச் செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லக்கூடும். ஈர்க்கினால் அவ்விடுக்கைச் சுத்தஞ்செய்து, கத்தி முழுவதையும் சவர்க்கார நீராற் கழுவி உலர்த்துக. பின்னர் ஆணியில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விடுக. ஆணி தளர்ந்திருப்பின் கொல்லரிடங் கொடுத்து இறுக்குவித்த பின்னரே கத்தியைப் பயன்படுத்துதல் வேண்டும். தளர்ந்த அலகு கையை வெட்டும்.