எச்.சி.சி.யில் கெட்டி, சி.பி.சி.யில் 63: எங்கே நழுவுகிறது?

கேள்வி: பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாக மெடிக்கல் கோடராக இருக்கிறேன். எச்.சி.சி. ப்ராஜெக்ட். ஆடிட்டில் என் குவாலிட்டி எப்போதும் நன்றாகவே வரும். போன மாதம் சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வு எழுதினேன். 63 மார்க்தான். நேரம் போதவில்லை, கடைசி 15 கேள்விகளைத் தொடவே இல்லை. புதிதாகச் சேர்ந்த ஃப்ரெஷர் ஒருவர் முதல் தடவையிலேயே பாஸ். வேலை தெரிந்த எனக்கு ஏன் வரவில்லை மேடம்? பரீட்சையில் வந்த கேள்விகளையே தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கட்டலாமா? அப்பா புரட்டிக் கொடுத்த ஃபீஸ் போய்விட்டது. மறுபடி எழுதப் பயமாக இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் உங்கள் மார்க்கை நிதானமாகப் பாருங்கள் அம்மா. 100 கேள்வியில் 15ஐத் தொடவில்லை. தொட்ட 85ல் 63 சரி. அதாவது நூற்றுக்கு 74. பாஸ் மார்க் 70. உங்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. நான்கு மணி நேரத்தில் கேள்விக்கு 2 நிமிடம் 24 வினாடிதான் கிடைக்கும். அந்த நேரம் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

சிகிச்சைக் குறியீடுகள் உள்ள சி.பி.டி. புத்தகத்தில் போயிருக்கும் என்பது என் கணிப்பு. எச்.சி.சி.யில் இரண்டு வருடமாக நீங்கள் பார்ப்பது நோய்க் குறியீடு மட்டும். சர்க்கரையும் நாள்பட்ட சிறுநீரக நோயும் சேர்ந்து வந்தால் இ11.22 போட்டு, கூடவே என்18ல் எந்த நிலை என்று காட்ட வேண்டும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். புறநோயாளி சார்ட்டில் டாக்டர் 'இருக்கலாம்' என்று சந்தேகமாக எழுதிய நோயைக் கோட் செய்யக்கூடாது என்பதும் கைவந்த பழக்கம். ஆனால் அந்த நோய்க் குறியீடான ஐ.சி.டி.க்கென்று இந்தப் பரீட்சையில் தனியாக வருவது ஐந்தே கேள்வி. அறுவைச் சிகிச்சைப் பகுதியிலிருந்து மட்டும் 36. அதற்கு மேல் இ.எம். (டாக்டர் விசிட்), அனஸ்தீஷியா, ரேடியாலஜி, பேத்தாலஜி, மெடிசின் எல்லாமே சி.பி.டி.தான். உங்கள் அன்றாட வேலைக்குத் தேவைப்படாத பகுதியைத்தான் இந்தப் பரீட்சை அதிகம் கேட்கிறது. அந்த ஃப்ரெஷர் கோச்சிங்கில் சி.பி.டி.யை ஆறப்போடாமல் படித்துவிட்டு நேரே போய் எழுதியிருப்பார். அவரோடு உங்களை ஒப்பிட்டு வருந்த வேண்டாம்.

புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் பரீட்சை என்பதால் பலரும் கோட் தேடிப் பழகுகிறார்கள். தேட வேண்டியதே இல்லை, கோட் நான்கு விடைகளில் கண்முன்னே இருக்கிறது. நீங்கள் பழக வேண்டியது அந்தந்தப் பிரிவின் தொடக்கத்தில் இருக்கும் கைடுலைனையும், கோடுக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இருக்கும் சிறு குறிப்புகளையும்.

ஒரு உதாரணம். கையில் 2 செ.மீ., காலில் 3 செ.மீ., கன்னத்தில் 3 செ.மீ. என மூன்று காயங்கள். மூன்றுக்கும் சாதாரணத் தையல். கையும் காலும் ஒரே தொகுதி. ஆகவே நீளத்தைக் கூட்டி 5 செ.மீ., 12002. முகம் வேறு தொகுதி, அது தனியாக 12013. தவறான விடை ஒன்றில் மூன்றையும் கூட்டி 8 செ.மீ. என்று 12004 இருக்கும். இன்னொன்றில் மூன்றும் தனித்தனியாக இருக்கும். கைடுலைன் தெரிந்தவருக்கு இது அரை நிமிட வேலை. தெரியாதவர் மூன்று பக்கங்களைப் புரட்டிவிட்டு, கடைசியில் தப்பான விடையைத் தொடுவார்.

இன்னொன்று: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால் 99100 சேர்க்கலாம் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆனால் குரல்வளை, மூச்சுக்குழாய் அறுவைக்கான 00326லேயே அந்த வயது அடங்கியிருக்கிறது. அதனுடன் 99100 போடக்கூடாது என்று அதன் கீழேயே அச்சிட்டிருக்கிறார்கள். கண்ணை அங்கே கொண்டுபோகப் பழகியவர்தான் தப்பிப்பார்.

அறுவைக் குறிப்பு ஒரு பக்கத்துக்கு நீண்டால் முதலில் நான்கு விடைகளையும் பாருங்கள். எங்கே வேறுபடுகின்றன? ஒரு மாடிஃபையரிலா, புண்ணின் அளவிலா, வலமா இடமா என்பதிலா? அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு குறிப்பைப் படியுங்கள். தலைப்பில் 'செய்த சிகிச்சை' என்று போட்டிருப்பதை நம்பி நிற்காதீர்கள். உள்ளே டாக்டர் உண்மையில் என்ன செய்தார் என்று விவரித்திருப்பதே கணக்கு. புற்றுநோய்க் கட்டியை அகற்றினால் கட்டியின் அகலத்தோடு இருபுறமும் விட்ட ஓரத்தையும் சேர்க்க வேண்டும். முதுகில் 1.2 செ.மீ. கட்டி, ஓரம் இருபுறமும் 0.4 என்றால் அளவு 2.0, கோட் 11602.

இ.எம். கேள்விகளுக்குப் பழைய நோட்ஸைத் தூக்கிப் போடுங்கள். 2021ல் கிளினிக் விசிட்டுக்கும், 2023ல் ஆஸ்பத்திரி விசிட்டுகளுக்கும் விதியே மாறிவிட்டது. மருத்துவர் முடிவெடுப்பதில் உள்ள சிக்கலையோ, செலவிட்ட மொத்த நேரத்தையோ வைத்துத்தான் இப்போது லெவல். எமர்ஜென்சி விசிட்டுக்கு மட்டும் நேரக் கணக்கு கிடையாது. முடிவெடுப்பதற்கான அட்டவணை சி.பி.டி. புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு ஒரு டேப் ஒட்டிவையுங்கள், பரீட்சையில் அதற்கு அனுமதி உண்டு. வேலையில் பயன்படும் குறிப்புகளைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். பயிற்சித் தேர்வுக் கேள்விகளை எழுதி வைப்பதும், தனித் தாள் செருகுவதும் கூடாது. சி.பி.டி.யில் அமெரிக்க மருத்துவச் சங்கமான ஏ.எம்.ஏ. வெளியிடும் புரொஃபஷனல் எடிஷனைத்தான் அனுமதிப்பார்கள். நீங்கள் எழுதப்போகும் ஆண்டுக்கான பிரதியையே வாங்குங்கள்.

கேள்விகளை விற்கிறவருக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். பரீட்சைக் கேள்விகளை வெளியே கொண்டுவருவது, அதை நடத்தும் ஏ.ஏ.பி.சி. அமைப்பின் விதிகளுக்கே விரோதம். நம் பிள்ளைகளின் பயத்தைக் காசாக்கும் இந்த வியாபாரத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. எங்கோ அமெரிக்காவில் ஒரு நோயாளியின் பில் நீங்கள் போடும் கோடைப் பொறுத்து நிற்கிறது. இரண்டு வருடம் நேர்மையாகச் சார்ட் பார்த்த உங்களுக்கு இந்தக் குறுக்குவழி தேவையே இல்லை.

வாரநாளில் ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் போதும். ஒரு நாளுக்கு ஒரு பிரிவு: கைடுலைனை வாசித்துவிட்டு, அதே பிரிவில் பத்துக் கேள்வி, கடிகாரம் வைத்து 24 நிமிடம். தப்பான கேள்விக்கு எந்த வரியைப் பார்க்கத் தவறினீர்கள் என்று புத்தகத்திலேயே அடிக்கோடிடுங்கள். பரீட்சைக்கு முன் வரும் ஞாயிறுகளில் நான்கு மணி நேரம் எழுந்திருக்காமல் முழுத் தேர்வு எழுதிப் பாருங்கள். தெரியாத கேள்வியில் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். பொருந்தாத இரண்டை அடித்துவிட்டு, மிச்சத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடந்து போங்கள். எதையும் வெறுமையாக விடாதீர்கள். தப்பான விடைக்கு மார்க் கழிப்பதில்லை.

மறுபடி ஃபீஸ் கட்டுமுன் உங்கள் மேனேஜரிடம் ஒன்று கேளுங்கள். எச்.சி.சி.யிலேயே வளர நினைத்தால் ஏ.ஏ.பி.சி.யே நடத்தும் சி.ஆர்.சி. தேர்வு உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்தும். ப்ரொமோஷனுக்கு அதை ஏற்பார்களா? சர்ஜரிக்கோ இ.எம்.முக்கோ மாற விரும்பினால் சி.பி.சி.யையே எழுதுங்கள். பாஸானதும், இரண்டு வருட அனுபவத்தை உறுதிசெய்யும் கடிதங்களைக் கம்பெனியில் வாங்கி அனுப்புங்கள். அனுபவமில்லாதவர்களுக்குப் பெயரோடு ஒட்டிவரும் 'அப்ரென்டிஸ்' அடையாளத்தை உங்களுக்கு நீக்கிவிடுவார்கள்.