விழுவோரும் எழுவோரும்

நெய்வேலி நகரியத்து வட்டங்களிலும், வளையமாதேவி முதலான சுற்றுக் கிராமங்களிலும், மாலை வேளையில் பையன்கள் பந்தாடும் இடத்தைச் சூழ்ந்து நின்று நியாயம் பேசும் பெரியவர்களைக் கேட்டால், ஹாக்கிக்காரன் மட்டையால் அடிபட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவான், கால்பந்துக்காரனோ விரல் பட்டாலே சுருண்டு விழுந்து நாடகமாடுவான் என்னும் அபிப்பிராயம், சிலாசாசனம் போன்ற நிச்சயத்தோடு வெளிப்படும். முன்னவன் சுபாவத்திலேயே வீரன், பின்னவன் சுபாவத்திலேயே வேஷதாரி என்பது அதன் தாத்பரியம்.

வேஷம் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. 2018 உலகக் கோப்பையில் நெய்மார் உருண்ட உருளலைக் கண்டு உலகமே சிரித்தது. ஆனால் குற்றம் சுபாவத்தினுடையதா, விதிகளினுடையதா என்பதே விசாரிக்கத் தக்கது. கால்பந்தில் எவர் விழுந்தாலும் கடிகாரம் நிற்பதில்லை; இழந்த நேரத்தை நடுவர் கடைசியில் தம் மதிப்பின்படி கூட்டிக் கொடுப்பாரென்றாலும், முன்னிலையில் இருக்கும் அணிக்கு விழுந்து கிடப்பது லாபமே. பெனால்டி எல்லைக்குள் விழுந்து நடுவரையும் நம்பவைத்துவிட்டால், 12 கஜ தூரத்தில் கோல்கீப்பர் ஒருவரை மட்டுமே எதிரில் வைத்து உதைக்கும் பாக்கியம், அதாவது அநேகமாக ஒரு கோலே, கைக்கு வந்துவிடுகிறது. சர்வதேச ஹாக்கியிலோ காயம்பட்டவருக்காகக் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஆடுகளத்தில் சிகிச்சை பெற்றவர், கோல்கீப்பர் நீங்கலாக, குறைந்தது 2 நிமிடமாவது வெளியே இருந்தாகவேண்டும். விழுந்தால் நஷ்டமென்று தெரிந்த இடத்தில் எவன்தான் வலிய விழுவான்?

ஹாக்கிக்காரர் கபடமற்றவர் என்பதும் அதே இனத்துக் கற்பனைதான். ‘டி’ வட்டத்துக்குள் தற்காப்பு ஆட்டக்காரரின் பாதத்தில் பந்து பட்டுத் தடைப்பட்டால் பெனால்டி கார்னர் கிடைக்கும். ஆகவே கைதேர்ந்த ஃபார்வர்டு, கோலைக் கண்ணெடுத்தும் பாராமல், எதிரே நிற்பவரின் பூட்ஸையே குறிவைத்துப் பந்தைச் சுருக்கென்று தள்ளிவிட்டு, அது பட்ட கணமே குனிந்து மட்டையால் அந்தப் பாதத்தைச் சுட்டிக்காட்டி, அம்பயரைப் பார்த்துக் கூவுகிறார். நின்றபடியே செய்யும் அபிநயம் இது. உருளுகிறவரை ஏளனம் செய்யும் நாம், இதைச் சாமர்த்தியமென்று கைதட்டி ரசிக்கிறோம். இந்தப் பட்சபாதத்துக்குக் காரணம் சொல்வதும் கஷ்டமில்லை: 1928 தொடங்கி 1980-இல் மாஸ்கோவில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வென்றது ஈறாக, ஹாக்கி நமக்கு 8 ஒலிம்பிக் தங்கங்களைத் தந்தது, கால்பந்தோ 1956-இல் மெல்போர்னில் நான்காம் இடத்தோடு நின்றுவிட்டது.

ஒழுக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 1-0 என்று தோற்ற பாகிஸ்தான் ஹாக்கி அணியின் தரப்பினர், சர்வதேச ஹாக்கி சம்மேளனத் தலைவர் ரெனே ஃபிராங்கின் மீது தண்ணீரைக் கொட்டியதோடு, வென்றவர்களின் கொடி ஏறுகையில் முதுகைக் காட்டிக்கொண்டும் நின்றார்கள். கால்பந்து உலகிலோ, 1997-இல் ஆர்செனலுக்கு எதிரான ஆட்டத்தில் லிவர்பூலின் ராபி ஃபௌலர், கோல்கீப்பர் சீமன் தம்மை இடறவில்லை என்று நடுவரிடம் தாமே முறையிட்டார். நடுவர் கேளாமல் பெனால்டியைக் கொடுத்தே தீர்த்தார். ஃபௌலர் மெதுவாக உதைத்த பந்தைச் சீமன் தடுத்தார். ஆயினும் திரும்பி வந்த பந்தைச் சக வீரர் மெக்அடீர் கோலாக்கிவிட்டார் என்பது வேறு விஷயம்.

கனடாவில் குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகளுக்கு ஹாக்கி என்றால் பனிக்கட்டியின்மேல் ஆடும் ஹாக்கிதான். அங்கும் இதே வீர புராணம், இன்னும் உரத்த குரலில், சொல்லப்படுகிறது. பல் உடைந்தாலும் தொடர்ந்து ஆடுகிறவர்கள் அங்கே உண்டென்பது மெய்யே. ஆனால் அந்த நாட்டவர் கொண்டாடும் என்.ஹெச்.எல். லீக்கின் விதிப்புத்தகம், அடிபட்டதைப் பெரிதுபடுத்தி நடிப்பவருக்கு 2 நிமிடத் தண்டனை விதிக்கிறது. அதுவும் போதாதென்று, திரும்பத் திரும்ப நடிப்பவரிடம் டாலர் கணக்கில் அபராதமும் வசூலிக்கிறார்கள்.