தந்திரம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: ‘தந்திரமாகப் பேசி ஏமாற்றிவிட்டான்’ என்கிறோம். ‘மந்திர தந்திரம்’ என்றாலே எலுமிச்சம்பழமும் நள்ளிரவும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் ‘தந்திரம்’ என்றே பெயர் இருக்கிறதே, எப்படி?

பதில்: அந்தச் சொல் பிறந்த இடம் தறி. சமஸ்கிருதத்தில் ‘தந்த்ர’ என்றால் முதலில் தறி, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு. பாவு இருந்தால்தான் ஊடை ஓடும். ஒரு துறையின் செய்திகளைத் தாங்கி நிற்கும் ஏட்டுக்கும் அதே பெயர் வந்தது. தமிழருக்கு இதில் வியப்பே இல்லை. பஞ்சில் திரிப்பதும் நூல், படிப்பதும் நூல் என்பவர்கள் நாம். நூல் இயற்றும் முறைகளை நம் இலக்கணக்காரர்கள் ‘தந்திர உத்தி’ என்றார்கள். சூழ்ச்சி என்ற பொருள் பேச்சு வழக்கில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆன்மிக நெறியாகத் தந்திரம் கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. இராஜஸ்தானின் கங்தார் என்ற ஊரில் 423 வாக்கில் வெட்டப்பட்ட கல்வெட்டு, தாய்த் தெய்வங்களுக்கு ஓர் அமைச்சர் எடுப்பித்த கோயிலைச் சொல்லும்போதே தந்திரத்தையும் குறிப்பிடுகிறது. இன்று கிடைக்கும் சைவத் தந்திரங்களில் மிகப் பழையதான நிச்வாசதத்துவ சம்ஹிதை, நேபாளத்தில் 9-ஆம் நூற்றாண்டு ஓலைச்சுவடியாகப் பிழைத்திருக்கிறது.

நம்மிடமும் சான்று இருக்கிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் சிற்பங்களோடு திரும்பிவிடாமல் கல்வெட்டையும் பாருங்கள். 1,300 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோயிலைக் கட்டிய இராஜசிம்ம பல்லவன், சைவ சித்தாந்த நெறியில் நின்று, உயிரைப் பிணைக்கும் மலம் நீங்கியவன் என்று அங்கே போற்றப்படுகிறான். அந்த நெறியின் மூல நூல்களான ஆகமங்களுக்குத் தந்திரம் என்றும் பெயர் உண்டு.

கேள்வி: தந்திர வழிபாட்டில் மதுவும் மாமிசமும் உண்டு என்கிறார்களே?

பதில்: கௌலம் என்ற கிளையில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஏன் என்பதை மட்டும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

உயிரைக் கட்டியிருப்பது எது என்ற கேள்விக்குச் சைவத்துக்குள்ளேயே இரண்டு விடைகள் உண்டு. சித்தாந்தம், மலம் என்பது கண்ணில் படர்ந்த படலம் போல ஒரு பொருள் என்கிறது. படலம் என்று அறிந்துகொண்டால் மட்டும் பார்வை வந்துவிடாது, மருத்துவர் கைவைத்து உரிக்க வேண்டும். அந்தக் கைதான் தீட்சை. காஷ்மீரத்து அபிநவகுப்தரின் மரபோ, கட்டு என்பதே அறியாமைதான் என்கிறது. எல்லாம் சிவனுடைய உணர்வே என்றால், இது தூய்மை, இது தீட்டு என்ற நடுக்கமும் ஒரு கட்டுதானே? அந்த நடுக்கத்தை அறுக்கத்தான், விலக்கப்பட்ட பொருள்களைக் கௌல நெறியினர் குருவின் கண்காணிப்பில் பூசைக்குள் கொண்டுவந்தார்கள். களியாட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

அதே மரபினர் போற்றிய விஞ்ஞான பைரவத்தில் 112 தியான முறைகள் இருக்கின்றன. பல மிக எளியவை. நெடுநாள் காணாத உறவினரைக் கண்ட கணத்தின் பூரிப்பு, தும்மலின் தொடக்கம், பசி எழும் நேரம், உள்மூச்சு வெளிமூச்சாகத் திரும்பும் இடம். அங்கே மனத்தை நிறுத்து என்கிறது அந்த நூல். உடம்பைப் பகையாகப் பார்க்காத இந்தப் பார்வைதான் எனக்குத் தந்திரத்தில் மிகவும் பிடித்தது.

மதுரையைச் சேர்ந்த மதுராஜர் என்பவர் அபிநவகுப்தரைத் தேடிக் காஷ்மீரம் போய் மாணவரானார். திராட்சைத் தோட்டத்தின் நடுவே வீணை மீட்டி அமர்ந்திருக்கும் குருவை அவர் தியானச் செய்யுட்களில் வடித்திருக்கிறார். அபிநவகுப்தர் எப்படி இருந்தார் என்று நாம் அறிவது இந்த மதுரைக்காரரின் கண் வழியாக!

கேள்வி: இன்றும் இதை எங்கே பார்க்கலாம்?

பதில்: உங்கள் ஊர்ச் சிவன் கோயிலில். சிதம்பரத்து அகோர சிவாச்சாரியார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரியாக்ரம த்யோதிகை தமிழகக் குருக்கள்மார்களுக்கு இன்றும் கைநூல். பூசைக்கு முன் குருக்கள் கண்மூடி அமரும் சில நிமிடங்களைக் கவனியுங்கள். தாமதம் செய்கிறார் என்று நினைக்காதீர்கள். மண்ணைச் சதுரமாக, நீரைப் பிறையாக, தீயை முக்கோணமாகப் பாவித்துத் தம் உடம்பின் பூதங்களை ஒவ்வொன்றாக ஒடுக்குகிறார். பிறகு இதயம், தலை, குடுமி, தோள், கண் என்று தொட்டு மந்திரங்களை வைத்து வேறோர் உடம்பைக் கட்டுகிறார். சிவமாகாமல் சிவனைத் தொடக் கூடாது என்பது விதி.

ஆனால் இந்தப் பூசையைப் புத்தகம் பார்த்து நீங்களே தொடங்க முடியாது. தீட்சை வேண்டும். வீடுபேற்றுக்கான நிர்வாண தீட்சையில் சீடரின் குடுமியிலிருந்து கால் கட்டைவிரல் வரை ஒரு நூலைத் தொங்கவிடுவார்கள். பாசசூத்திரம் என்று பெயர். உயிரின் கட்டுகளை எல்லாம் குரு மந்திரத்தால் அந்த நூலில் ஏற்றுவார். பிறகு அதைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் ஓமத்தீயில் இடுவார்.